தலைக்கனக்காரியின் வரப்பு

ஊரில் அவளுக்குத் தலைக்கனக்காரி என்றே பெயர். வரப்பில் நட இலவசமாகக் கொடுத்த மரக்கன்றுகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவளை வேறெப்படி அழைப்பார்கள்? எந்த மரத்தை யார் சிபாரிசு செய்தாலும் அதில் காய்ந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டுத் தொட்டியில் போடுவாள். தக்கையாக மிதந்தால் முகத்தைச் சுளிப்பாள். முக்கால்வாசி முங்கினால்தான் அவளுக்குத் திருப்தி. கனத்த மரம் காற்றில் லேசில் முறிந்து பயிர்மேல் விழாது, அடுப்பில் நின்று எரியும், கம்பமாக நட்டால் பல காலம் தாங்கும். வளர்வதுதான் ஆமை வேகம்.

அங்கேதான் மாமனார் குறுக்கே வந்தார்.

"உன் மரம் நிழல் தர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்மா. சீக்கிரம் வளர்றதா நடு. இந்த வயல்ல ஒரு நாளாவது நான் நிழல்ல உக்காரணும்."

"பழப்பெட்டி செய்யிற மரமா மாமா? அது வெறும் பஞ்சு."

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு கேட்கவில்லை. ஆயுள் முழுக்க அந்த மண்ணில் வெயிலில் காய்ந்த மனிதர். வரப்பு நெடுக ஒன்றுவிட்டு ஒன்றாக, வைரம் பாயும் மரமும் பெட்டி மரமும் நட்டாள்.

பெட்டி மரங்கள் மளமளவென்று வளர்ந்தன. மாமனார் வீட்டு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி நிழலில் அமர்ந்தார். ஆனால் நிழல் நகர்ந்தது, நாற்காலி நகரவில்லை. அது வைரம் பாய்ந்த பழைய கட்டை. தூக்கத் தெம்பில்லை, ஆளைக் கூப்பிட வெட்கம். வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். களை எடுத்துக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள்.

நெருக்கமாக நின்ற பெட்டி மரம் ஒன்றை வெட்டி, அறுத்துக் காயவைத்து, தச்சரிடம் கொண்டுபோனாள்.

"பஞ்சுன்னு ஊரெல்லாம் திட்டினியே, இதுலயா நாற்காலி?" என்று தச்சர் சிரித்தார்.

"திட்டினேன்தான். செய்யுங்கண்ணே."

தான் ஏசிய மரத்தைத் தானே சுமந்துபோய் அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

புது நாற்காலி வந்த அன்று மத்தியானம் நிழல் நகர்ந்தது. மாமனார் எழுந்தார், ஒற்றைக் கையால் நாற்காலியைத் தூக்கினார், நிழலில் போட்டு உட்கார்ந்தார். வரப்போரம் வந்த பக்கத்து வயல்காரர் கேட்டார்.

"பெட்டி மரமா? உங்க தலைக்கனக்காரியா செஞ்சு குடுத்தா?"

கிழவர் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"அவளுக்கா தலைக்கனம்? இதைத் தூக்கிப் பாருய்யா."