கிராணி வீட்டுப் பெஞ்சு

அந்தப் பெஞ்சு யாருடையது? கரங்கான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், எங்கள் சிறிய கத்தோலிக்கக் கோயிலின் பீடத்துக்கு நேர் எதிரே கிடந்த அதைக் “கிராணி வூட்டு பெஞ்சு” என்று சொல்லியே வளர்ந்தோம். தோட்ட அலுவலகக் கணக்கரான கிராணியின் குடும்பம் வராத ஞாயிறுகளிலும் அது காலியாகவே இருக்கும். இடமில்லாத லயத்துத் தொழிலாளர்கள் சுவரோரம் நின்று பூசை காண்பார்கள். என் அத்தை அதில் உட்காரும்வரை, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அப்போது நான் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். வர்க்கம் வருமானத்தில் மட்டுமன்று, பழக்கத்திலும் வாழ்கிறது என்று தேர்வில் எழுதியிருந்தேன்.

அன்று மாமாவின் முதலாண்டு நினைவுப் பூசை. முன்பு வேலை செய்த எண்ணெய் ஆலையின் இரைச்சலில் அத்தைக்குக் காது மந்தமாகியிருந்தது. மாமாவின் பெயரைச் சாமியார் ஒருமுறைதான் சொல்வார். அதைத் தன் காதால் கேட்டாக வேண்டும் என்று நேரே முன்னால் போய் அமர்ந்தார். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த உபதேசியார், அவரும் லயத்துக்காரர்தான், பதறி ஓடிவந்தார்.

“அக்கா, எந்திரிங்க. அது கிராணி வூட்டு பெஞ்சுலா!”

“அப்ப சாமி வூட்டு பெஞ்சு எது தம்பி? காட்டு, அங்க போயி உக்காந்துக்கிறேன்.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தின் எந்தக் காட்டில் யாருக்கு வேலை என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பிரித்துக் கொடுப்பவர் அந்தக் கிராணிதான். குனிந்து, “மேட்டுக் காட்டுக்கு மாத்திட்டா என்ன அத்தை செய்வீங்க?” என்றேன்.

“மாத்தட்டும். மேடு எனக்குப் புதுசா?”

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி, “தள்ளி உக்காருக்கா” என்று வந்து அமர்ந்தார். அடுத்து இன்னொருவர். கிராணியம்மா வாசலில் வந்து நின்றபோது பெஞ்சு ஏறக்குறைய நிறைந்துவிட்டது. அத்தை திரும்பி, தம் வீட்டுக்கு வந்த விருந்தாளியை அழைப்பதுபோல், “வாங்கம்மா, எடம் இருக்கு” என்று நகர்ந்துகொண்டார். ஒரு கணத் தயக்கத்துக்குப் பின் கிராணியம்மா உட்கார்ந்தார். மாமாவின் பெயரைச் சாமியார் வாசித்தார். அத்தை கேட்டார், கேட்டதை அவருடைய முகமே சொன்னது.

வெளியே வந்ததும் கிராணியம்மா, “நாங்க எப்ப அந்த பெஞ்சக் கேட்டோம்? மாமியா உக்காந்தாங்க, நானும் உக்காந்தேன்” என்றார். கேட்காமலே கிடைத்ததுதான் அது; கேட்காமலே நாங்களும் விட்டுக் கொடுத்திருந்தோம். மறுநாள் பெரட்டில் அத்தைக்கு வழக்கமான காடே கிடைத்தது.

சென்ற கிறிஸ்துமஸ் பூசைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். முன்னால் இடமில்லை. சுவரோரம் நின்றேன், என் பக்கத்தில் கிராணியின் மகனும் நின்றிருந்தார். முதலில் வருபவர் அந்தப் பெஞ்சில் உட்காருகிறார். அதை இப்போது எல்லாரும் முன் பெஞ்சு என்றுதான் சொல்கிறார்கள்.