பச்சையாக வந்த அறிக்கை

பணிப் பதிவேட்டின்படி அவர் தட்டச்சு உதவியாளர், இரண்டாம் நிலை. கடிதங்களைப் பிழையின்றி அடித்துத் தருவது கடமை. பதினோரு ஆண்டுகளில் அவர் அடித்த கடிதங்கள் நான்கு. நான்கும் பதவிப் பெயரை மாற்றக் கோரியவை. நான்கிலும் பிழை இருந்தது.

உண்மையில் அந்த மருத்துவமனையின் சர்வர் அறை அவர் பொறுப்பு. ஏழு கோடிக் கோப்புகள், பெரும்பாலும் ஸ்கேன் படங்கள். அவற்றுக்கு வாராவாரம் நகலெடுக்கும் பேக்கப் சனிக்கிழமை காலை தொடங்கித் திங்களுக்குள் முடியவேண்டும். செவ்வாய் மதியம்வரை இழுக்கும். அதுவரை திரைகள் நகராமல் டாக்டர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

"அண்ணி, ஆபீஸ்ல நீங்க என்னதான் பண்றீங்க?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள்.

"மத்தவங்க தொலைக்கிறதுக்கு முன்னாடியே தேடி வைக்கிறேன்."

மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் விடுப்பில் போய்த் திரும்பினால், பேக்கப் ஞாயிறே முடிந்துகொண்டிருந்தது. தாமதமோ தவறோ இல்லை என்று அறிக்கை முழுக்கப் பச்சை. எல்லோருக்கும் மகிழ்ச்சி; அவர் மட்டும் நம்பவில்லை. நகலெடுக்கும் ஃபோல்டர்களின் பட்டியலைத் திறந்தார். ஸ்கேன் படங்களின் ஃபோல்டரே அதில் இல்லை. ஏழு வாரப் படங்களுக்கு நகல் கிடையாது. படங்கள் இருந்த சர்வர் பெட்டியிலோ ஒரு ஹார்ட் டிஸ்க் வட்டு செத்து, மாற்று வட்டுக்குக் காத்திருந்தது. இன்னொன்று போனால் அத்தனையும் போகும்.

கண்காணிப்பாளரின் அறைக்கதவை அவர் தட்டவில்லை; திறந்துகொண்டு உள்ளே போனார்.

"ஸ்கேன் ஃபோல்டரை யார் சார் எடுத்தது?"

"நான்தாம்மா. அது இருந்தா ரிப்போர்ட் சிவப்பா வருது. மேல கேள்வி கேக்கறாங்க."

"பேஷண்டையே சேர்க்காம விட்டுட்டா வார்டுல சாவே இருக்காது. அதையும் செஞ்சிடலாமா?"

"கோவப்படாதீங்க. வேகமான மெஷினுக்கு எழுதியிருக்கேன்."

"அது வந்தும் இதே கதைதான். நகல் எடுக்கவா சார் நேரமாகுது? ஏழு கோடி ஃபைல்னா ஏழு கோடி கதவு. அத்தனையையும் ஒரே ஆளு ஒவ்வொண்ணா தட்டி, 'ஏதாச்சும் மாறிச்சா'ன்னு கேக்கறான். அஞ்சு வருஷத்துக்கு முந்தின எக்ஸ்ரே என்ன சார் மாறப்போகுது?"

கண்காணிப்பாளர் கோப்பு ஒன்றைக் கையில் எடுத்து, தலைகீழாக வைத்துப் படித்தார்.

"இந்த வாரம் மறுபடி சிவப்பா வந்தா?"

"சிவப்பாவே வரட்டும். அது பொய் சொல்லாது."

அவரைக் கோபக்காரி என்பார்கள். கோபத்தில் அவர் அளவுக்கு நிதானமாக வேலை செய்பவர் அங்கே வேறு யாருமில்லை. முடிந்துபோன ஆண்டுகளின் படங்களைத் தனியே பிரித்து, ஒரே ஒரு முறை நகலெடுத்து, சரிபார்த்துப் பூட்டினார். இனி அந்தக் கதவுகளை யாரும் தட்டவேண்டாம். மீதியைப் பிரிவுவாரியாக எட்டாகப் பிரித்து, எட்டும் ஒரே நேரத்தில் ஓடும்படி செய்தார். அந்தச் சனிக்கிழமை தொடங்கியது ஞாயிறு காலை பத்து மணிக்கு முடிந்தது.

கண்காணிப்பாளர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் 'எனது மேற்பார்வையில்' என்று மூன்று இடத்தில் வந்தது. நகல் இல்லாமல் கிடந்த ஏழு வாரம் ஓரிடத்திலும் வரவில்லை.

மாற்று வட்டு வந்தது வியாழக்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்பே அவர் எல்லாப் படங்களுக்கும் நகல் எடுத்து முடித்திருந்தார். அந்த நகலிலிருந்து இருநூறு படங்களைத் திரும்ப எடுத்து, ஸ்கேன் அறைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்திருந்தார்.