அக்கா வந்தால்தான் ஓடும் பிரிண்டர்: மீமிசலுக்கு ஒரு வேலைப் பயணம்

"நான் கூடத்துக்குள்ள கால வச்சாத்தான் பிரிண்டர் ஓடுது. அக்காவோட கைராசின்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு அழுகையா வருது" என்றாள் ஜெசிந்தா போனில். போன வாரம் நான் மீமிசல் போனதற்கு அதுதான் காரணம்.

ஜெசிந்தா என்னோடு கல்லூரியில் படித்தவள். ஆவூர்க்காரி. மீமிசலில் நண்டு வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு அனுப்பும் சிறிய கூடம் நடத்துகிறாள். விடிகாலையில் படகுகள் வரும் நேரத்தில் எடைக் கம்ப்யூட்டர் சொல்வது பில் பிரிண்டருக்குப் போய்ச் சேராது. ஒன்பது மணிக்கு இவள் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு கொள்முதல்காரர் வருவதாக இருந்தது. எடை போட்ட கையோடு பில் வந்தால் இனி இவளிடமே நண்டு எடுப்பார். இல்லையென்றால் அடுத்த கூடத்துக்குப் போய்விடுவார்.

கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுத் தருவது என் தொழில். கடலைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பிவிட்டேன்.

திருக்கோகர்ணத்திலிருந்து புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. ஒன்றரை மணிக்கு அறந்தாங்கி பஸ், முப்பத்தைந்து ரூபாய், ஒரு மணி நேரம். அங்கே மீமிசல் பஸ்ஸுக்கு மாற வேண்டும். மொத்தம் சுமார் எழுபது கிலோமீட்டர். அறந்தாங்கியில் டீ குடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பஸ் எங்கே நிற்கும் என்பது டிரைவரின் மனநிலையைப் பொறுத்தது.

என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கருவியைக் கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னங்க இது, பல்லு புடுங்குற கொறடா?"

"கேபிள் முனையில கிளிப் போடுறதுங்க."

"அப்ப எங்க வீட்டு டிவியையும் பாத்துட்டுப் போங்க. எம்பொண்டாட்டி ரொம்ப நாளா என்னையத் திட்டிக்கிட்டிருக்கா."

பஸ் முழுக்கச் சிரித்தது. பேசிக்கொண்டே அவர் ஆவுடையார்கோவிலில் இறங்க வேண்டிய பாட்டியைச் சரியாக எழுப்பிவிட்டார். சுவிட்ச் என்பது என்ன என்று கடைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்படிப்பட்ட கண்டக்டர்தான் நினைவுக்கு வருவார். யார் எங்கே இறங்குவார்கள் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அங்கே மட்டும் இறக்கிவிடும் பெட்டி அது. ஒரே கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமராவையெல்லாம் இணைக்கும். கேபிள் செருகும் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். ரவுட்டர் வேறு. அது அறந்தாங்கி பேருந்து நிலையம் மாதிரி. உள்ளூர் ஆட்களை வெளியூர் பஸ்ஸில், அதாவது இன்டர்நெட்டில், ஏற்றிவிடுவது. ஐபி முகவரி ஒவ்வொரு கருவிக்கும் உள்ள கதவு எண். சின்னக் கடைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

நாலரை மணிக்கு மீமிசல். கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாம் அழகாக ஓடியது. போன மாதம் ஒருவர் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதிது மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவரும் மத்தியானம் வந்தவர்தான். நோய் காலையில் இருக்க, வைத்தியர் சாயங்காலம் வந்து என்ன செய்ய? ஆறு மணிக்கு ஜெசிந்தா தன் லேப்டாப்பைக் கழற்றிப் பையில் போட்டாள். கடற்கரையில் கொஞ்சம் நடந்தோம். இரவு அவள் வைத்த நண்டுக் குழம்புக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினேன்.

மறுநாள் ஆறு மணிக்கு இருவரும் கூடத்தில் நின்றோம். தரை கழுவி ஈரமாக இருந்தது. எடைக் கம்ப்யூட்டரில் சோதித்தால் பிரிண்டர் அசையவில்லை. சுவிட்சில் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில், சாமி வந்ததுபோல் துடித்தன. பெட்டியிலிருந்து ஒரு நீல கேபிள் புறப்பட்டு, மேசையைச் சுற்றி, திரும்ப அதே பெட்டியின் காலித் துளைக்குள் போயிருந்தது.

"இத யாரு சொருகினது?"

"நாந்தேன்" என்றார் தரை கழுவும் மாரியக்கா, துடைப்பத்தோடு. "தெனமும் இங்கிட்டு ஈரத்துல கெடக்கு. கயித்து நுனிய அவுத்துப் போட்டா படகுல காலச் சுத்தி ஆள இழுத்துரும். எங்க வீட்டுல ஒரு நுனி சும்மா கெடக்காது. பொட்டியில காலியா ஓட்ட இருந்துச்சு, மாட்டி விட்டேன்."

அது ஜெசிந்தாவின் லேப்டாப் கேபிள். தினமும் ஒன்பது மணிக்கு வந்து அதை உருவித் தன் லேப்டாப்பில் செருகிக்கொள்வாள். பத்திரமாக இருக்கட்டும் என்று யாரோ அங்கே வைத்திருக்கிறார்கள் என நினைத்திருக்கிறாள். கைராசி அதுதான்!

இதற்கு லூப் என்று பெயர். நிலையத்தை விட்டு வெளியேற வழியில்லாமல் பஸ்கள் உள்ளேயே சுற்ற, புதிது புதிதாக பஸ் சேர்ந்துகொண்டே இருந்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான். கேபிளை உருவினேன். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. தேங்கியிருந்த பில்லெல்லாம் கடகடவென்று வெளியே வந்தது.

"அடியாத்தி, பேதி கண்ட மாதிரியில்ல போவுது!" என்றார் மாரியக்கா. ஜெசிந்தா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

இனி தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் செய்ததில் தப்பு என்ன இருக்கிறது? நுனி கிடந்தால் அவர் கை சும்மா இருக்காது; இருக்கவும் வேண்டாம். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தேன். மாரியக்கா கேபிளை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்டார். ஏழரைக்குக் கொள்முதல்காரர் வந்தார். முதல் கூடை தராசை விட்டு இறங்குவதற்குள் பில் அவர் கையில். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமையிலேருந்து வண்டி அனுப்பவா?" என்றார்.

மீமிசல் போகிறவர்கள் விடிகாலையில் படகுத்துறையில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள், குடை கட்டாயம். கடை வைத்திருப்பவர்கள் ஐந்து கருவி இருந்தால் எட்டு போர்ட் சுவிட்ச் வாங்குங்கள். லூப்பைத் தானே கண்டுபிடிக்கும் வசதியுள்ளதா என்று கேளுங்கள். உப்புக்காற்றும் தண்ணீரும் படாமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், காலையில் உங்கள் கடையை யார் திறக்கிறார்கள், யார் கூட்டுகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். எந்தக் கருவியும் காட்டாததை நான் அங்கே நின்றுதான் பார்த்தேன்.

இன்று காலை ஆறரைக்கு ஜெசிந்தாவிடமிருந்து வாட்ஸப் வந்தது. மாரியக்கா அவளுக்கு அனுப்பியிருந்த பில்லின் படம், அதன் கீழே ஒரு வரி: "கைராசிக்காரி இன்னும் போர்வைக்குள்ளதான் இருக்கேன்டி."