எதிரே இருப்பவருக்கு நேரான கையெழுத்து

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தபோது, தேறாது என்று கைவிரித்த டாக்டரை ஜெயித்தாள். சிறுவயதில் வருடக்கணக்கில் படுக்கையில் போட்ட காய்ச்சலை ஜெயித்தாள். பள்ளிக்கூடம் மட்டும் அதோடு போய்விட்டது. "பொம்பளைக்கு இது சரிப்படாது" என்று சொன்ன சலவை நிலையத்தில், சூடான உருளை இயந்திரத்தின் முன்னால் நின்று காட்டினாள். அங்கே கால் கடுக்க நின்றவர்களுக்கெல்லாம் ஸ்டூல் வந்தது. வாங்கிப் போட்டது முதலாளி, வாங்க வைத்தது இவள். அப்பா வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, அதே அப்பாவை அந்த மாப்பிள்ளை கையால் பரிமாறிச் சாப்பிட வைத்தாள். கடைசியாக ஒரு அரண்மனையை ஜெயித்தாள். இது அதைப் பற்றியது.

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எழுத்து வாசனை கிடையாது, ஆனால் வாதத்தில் விட்டுக்கொடுக்க மாட்டாள். நான் படிக்கச் சொல்லித்தரப் பார்த்திருக்கிறேன். "நீயே ஆறாங்கிளாஸ்தாண்ணே, நீ எனக்கு என்னத்தச் சொல்லித்தரப் போற?" என்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் சூடுபட்டவள். முதலில் பார்த்த வேலையில் ஒரு தாளை நீட்டி விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். மறுநாள் போனால் வேலை இல்லை. 'நானாகவே விலகிக்கொள்கிறேன்' என்று அதில் எழுதியிருந்ததாம். அன்றிலிருந்து வாசித்துக் காட்டாத தாள் எதிலும் அவள் கை படாது.

சலவை நிலையத்துக்குக் கடற்கரை ஓட்டல்களிலிருந்து விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். தங்கையும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நின்று, முனைகளைப் பிடித்து ஒரு உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவார்கள். பேச்சே இருக்காது. கண் ஜாடைகூட வேண்டாம். ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்கு வேலை ஓடாது என்பதால், இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததே இல்லை. துண்டுகளிலிருந்து அத்தனை வருடம் கடல் மணலை உதறிய மாப்பிள்ளை, கடலைப் பார்த்ததில்லை.

பாய்லர் பழுதாகி நிலையத்தை ஒரு நாள் மூடினார்கள். அன்றைக்கே இருவரும் சுற்றுலா பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். காலையில் இரண்டு அரண்மனைகள், மதியத்துக்கு மேல் இரண்டு கடலோர ஊர்கள். "அரண்மனை உனக்கு, கடல் எனக்கு" என்று மாப்பிள்ளை முன்கூட்டியே பங்கு பிரித்துவிட்டார். இனி நடந்ததை நான் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் அரண்மனை சுமுகமாக முடிந்தது. இரண்டாவதில் ராஜாவின் படுக்கையறை. கயிறு கட்டி, அதற்கப்பால் கட்டில். கைடு தம்பி கொடியை ஆட்டிக்கொண்டு கூட்டத்தை அடுத்த அறைக்கு ஓட்டினான். இவர்கள் இருவரும் நகரவில்லை. கட்டில் விரிப்பு ஒரு பக்கம் ஒரு சாண் அதிகமாகத் தொங்கியது.

யார் முதலில் கயிற்றைத் தாண்டியது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் போய், முனைகளைப் பிடித்து, ஒரு உதறு உதறிச் சரியாகப் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் எச்சரிக்கை மணி அடித்தது.

காவலாளி வந்து அறையைப் பூட்டி, இருவரையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு அதிகாரி, அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துப் போட்டார். "இதுல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. தெரியாதுன்னா விரல் வைம்மா."

"வாசிங்க" என்றாள் மாப்பிள்ளையிடம். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். 'காட்சிப் பொருளைச் சேதப்படுத்தினோம் என்று ஒப்புக்கொள்கிறோம்.'

"சேதம் எங்கங்க? காட்டுங்க."

"அது வழக்கமா எழுதறதும்மா. எல்லாருக்கும் இதே தாள்தான்."

"எல்லாரும் செஞ்சது வேற, நாங்க செஞ்சது வேற. கயித்தத் தாண்டுனது தப்பு. அத எழுதுங்க, ஒத்துக்கறேன். சேதம் பண்ணல."

"நீ கைவைக்காம பஸ் நகராது. நான் அந்த ரூமையும் தொறக்க முடியாது."

"அப்ப ரெண்டு பேருக்கும் கஷ்டந்தான்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

கைடு ஓடி வந்தான். "அக்கா, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். மொத ஊர விட்டாச்சு. இன்னும் லேட்டானா ரெண்டாவது ஊரும் கோவிந்தா."

பின்னாலேயே பஸ்ஸின் முன் சீட்டுப் பெரியம்மா வந்தார். "ஒரு விரல் வைக்க இவ்வளவு அழும்பா?"

"விரல் என்னுதுங்க பெரியம்மா. உங்களுக்கு அவசரம்னா உங்களத வச்சுட்டுப் போங்க."

பெரியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவருடைய கடல் அல்லவா போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஒரு நிமிடம் மட்டும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டதாக என்னிடம் சொன்னாள். "என்னங்க, வச்சுடவா?"

மாப்பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டார். "கடல் அங்கதான் கெடக்கும். வைக்காத. வச்சுட்டு வந்தா ராத்திரியெல்லாம் நீ பொலம்புவ, அத யாரு கேக்கறது?"

வெளியே அடுத்த கூட்டமும் அதற்கடுத்த கூட்டமும் பூட்டிய அறை முன்னால் சேர்ந்து சத்தம் போட்டன. காவலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அதிகாரி கடைசியில் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். "சொல்லுங்க வக்கீலம்மா. நீங்க சொல்ல நான் எழுதறேன்." கிண்டலாகத்தான் சொன்னார். வீட்டுப் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இவள் ஒரு கணம் திகைத்துப்போனாளாம்.

அவள் சொன்னாள், அவர் எழுதினார்: 'விரிப்பு கோணலாக இருந்தது. கயிற்றைத் தாண்டிப் போய் நேராக்கினோம். தாண்டியது தவறு. விரிப்பு கிழியவில்லை.' மாப்பிள்ளை வாசித்துத் தலையாட்டி, தன் கையெழுத்தைப் போட்டார். அதிகாரி மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

தங்கை அதைத் திருப்பித் தள்ளினாள். "பேனாவக் குடுங்க. இது நான் சொன்னது. என் பேரு இருக்கணும்."

சலவை நிலையத்தில் மார்பில் பெயர் அட்டை குத்தாமல் உள்ளே விடமாட்டார்கள். வேலைக்கு நடுவே குனிந்து குனிந்து அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றைக்கு அட்டை இல்லை. ஆனாலும் பழக்கத்தில் குனிந்து மார்பைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சுழியாக எழுதினாள்.

எழுத்து முழுதும் தலைகீழாக இருந்தது. மார்பில் குத்திய அட்டை, குனிந்து பார்ப்பவருக்கு அப்படித்தானே தெரியும்.

கைடு தம்பி எட்டிப் பார்த்து, "அக்கா, தலைகீழா இருக்கே!" என்றான்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த அதிகாரிக்கோ, ஒரு எழுத்துப் பிசகாமல் நேராகத் தெரிந்தது. அவர் தாளைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே அவள் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

"அவருக்குத் தெரியணும்னுதானே எழுதறேன், எனக்கு என் பேரு தெரியாதா?" என்றாள் தங்கை.

அதிகாரி சிரித்துவிட்டார். அறை திறந்தது. பஸ்ஸில் பெரியம்மா இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவது கடலோர ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கைடு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் கொடுத்தான். மாப்பிள்ளை பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். கரையேறும்போது காலிலிருந்த மணலைத் தட்டப்போன தங்கையைத் தடுத்தார். "வேலைய இங்கயுமா? இது எனக்கு இருக்கட்டும்."

அந்தத் தாளுக்கு அவள் கையோடு ஒரு நகல் கேட்டு வாங்கிவந்தாள். அது இப்போது என் வீட்டுச் சுவரில், அவள் பெயர் நேராகத் தெரியும்படி மாட்டியிருக்கிறது. அதனால் மற்ற எல்லாம் தலைகீழாக இருக்கும். வருகிறவர்கள் தப்பாக மாட்டியிருக்கிறேன் என்கிறார்கள். மாற்றுவதாக இல்லை. அதிகாரி எழுதிய தேதியைப் படிக்க அவர்கள்தான் கழுத்தைத் திருப்ப வேண்டும்: 9-3-2017, வியாழக்கிழமை.