என் சுவரில் சாய்ந்த மாதாகோயில்

பிள்ளைகளே, காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் வீட்டுச் சுவரில் யாரோ மூங்கிலைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். என்ன நினைப்பீர்கள்? தென்காசியில் இருக்கிற என் தங்கை பிள்ளைகள், "யாரோ மறந்துபோய் வச்சிருப்பாங்க மாமா" என்பார்கள். கொல்கத்தாவில் கடை வைத்திருப்பவன் அப்படி நினைக்க மாட்டான். கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பளமும் காப்பிப்பொடியும் தோசை மாவும் விற்கிறேன். முதலில் என் கடை வேறு சந்தில் இருந்தது. அங்கே ஒருவர் மழைக்காக என் சுவரில் ஒரு மூங்கிலைச் சாய்த்தார். அதன்மேல் தார்ப்பாய் வந்தது. தார்ப்பாய்க்குக் கீழே பலகை வந்தது. பலகைமேல் வளையல் வந்தது. கடைசியில் என் கடைக்குள் போக நான் அவரிடம் வழி கேட்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து மூங்கிலைக் கண்டாலே எனக்குச் சந்தேகம்தான்.

இந்த முறை ஒன்றல்ல, மூன்று மூங்கில்கள். துர்கா பூஜைக்குப் பந்தல் போடுகிற எங்கள் தெருக்காரர்கள் சாய்த்தவை. இங்கே பந்தல் என்றால் நம்மூர்க் கல்யாணப் பந்தல் என்று நினைத்துவிடாதீர்கள். மூங்கிலையும் துணியையும் வைத்து அரண்மனை, கப்பல் என்று எதை வேண்டுமானாலும் எழுப்பி, நடுவில் அம்மனை உட்கார வைப்பார்கள். பூஜை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். இந்த வருஷம் எங்கள் சந்தில் ஐரோப்பாவின் பழங்காலத்துப் பெரிய மாதாகோயில், கதீட்ரல். ஒரு பக்கம் கிளப் கட்டடம், எதிர்ப்பக்கம் என் கடை. நடுவில் வானத்தைக் குத்துகிற மாதிரிக் கூர்வளைவுகள்.

பூஜைக் கமிட்டிச் செயலாளரைப் பல்ட்டு தா என்று கூப்பிடுவோம். 'தா' என்றால் இங்கே அண்ணன். அவரோ என்னை அண்ணா என்பார். தம்பி யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. அவர் பாதி வங்காளத்திலும் பாதி இந்தியிலும் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"என்ன அண்ணா, மூஞ்சி இப்படி இருக்கு? காப்பில சக்கரை போடலயா?"

"என் சுவர்ல மூங்கில் எதுக்கு?"

"நல்ல சுவரு. அதான்."

"உங்க வீட்டுல சுவரு இல்லையா?"

"ஆரே அண்ணா! பூஜோ முடிஞ்சதும் எடுத்துடுவோம். அஞ்சே நாள்."

வளையல்காரரும் அஞ்சு நாள் என்றுதான் சொல்லியிருந்தார்.

வீட்டில் சொன்னேன். "வாயத் தொறந்து எடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா தீவாளிக்கு அங்க பட்டாசுக் கடை இருக்கும், பாத்துக்கிடுங்க" என்றாள் என் மனைவி செல்வி. பத்தாவது படிக்கும் மகள் மலர், "அப்பா, ப்ளீஸ், பாடால என் மானத்த வாங்காதீங்க" என்றாள். பாடா என்றால் தெரு. அவளுக்கு அதுதான் ஊர்.

என்னைச் சமாதானப்படுத்தப் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். ஆங்கிலத்தில் படித்து, அரைத் தமிழில் சொன்னாள். எனக்குப் புரிந்தது இதுதான். ரோமாபுரியில் வியாபாரிகள் பேரம் பேசவும் நீதிபதிகள் வழக்குக் கேட்கவும் நீளமான பொதுக்கூடங்கள் இருந்தன. கிறிஸ்தவர்கள் வெளிப்படையாகக் கும்பிடும் காலம் வந்தபோது, தங்கள் கோயிலுக்கு அந்தக் கூடத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதாவது, கோயிலாவதற்கு முன்னால் அது கடைக்காரன் நின்ற இடம்! பிறகு கல்லால் கூரை வளைத்தார்கள். அரைவட்ட வளைவு, தடித்த சுவர், சின்ன ஜன்னல். உள்ளே இருட்டு. அப்புறம் பாரிஸ் பக்கத்தில் கூர்வளைவை வைத்து உயர்த்திக் கட்டினார்கள். கூர்வளைவு அவர்கள் கண்டுபிடித்ததுதானா என்று கேட்டேன். அதற்கு முன்பே முஸ்லிம் நாடுகளில் இருந்ததாம். எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே சண்டையாம். பார்த்தீர்களா, என் சந்தேகம் வீண் போகவில்லை. அந்த வளைவும் எங்கிருந்தோ பிழைக்கப் போனதுதான்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபம் நினைவுக்கு வந்தது. மார்கழிக் காலையில் பொங்கலுக்காக அதன் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தூண், அதன்மேல் உத்தரம், அதன்மேல் கல். பாரம் நேராகக் கீழே இறங்கும். பக்கத்தில் இருப்பவரைத் தள்ளாது. நானும் இந்த ஊரில் அப்படித்தான் இருந்துவிட நினைத்தேன். யாரையும் தள்ள வேண்டாம், யாரையும் தாங்க வேண்டாம். ஆனால் வளைவு அப்படி இல்லையாம். பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதனால் வெளியே நின்று முட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். ஐரோப்பாவில் அதற்கென்றே சுவருக்கு வெளியே கல்லால் சாய்வுக் கைகள் கட்டினார்கள். அப்புறம்தான் சுவரை மெல்லியதாக்கிப் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வைக்க முடிந்தது. நம் சுவரில் சாய்ந்திருக்கும் மூங்கிலும் அந்த மாதிரிக் கைதான் என்றாள் மலர்.

கதை நன்றாகத்தான் இருந்தது. வளையல்காரரும் நன்றாகக் கதை சொல்வார். மறுநாள் பல்ட்டு தாவிடம் போனேன். "நடு மூங்கில மட்டும் எடுங்க, பாப்போம்."

"விழும் அண்ணா."

"எடுங்க."

பந்தல் மேஸ்திரி பல்ட்டு தாவைப் பார்த்தார். பல்ட்டு தா தோளைக் குலுக்கினார். கயிற்றை அவிழ்த்து மூங்கிலை நகர்த்தியதுதான் தாமதம், வளைவு என் கடைப்பக்கம் பிதுங்கியது. உச்சியில் ஒட்டியிருந்த துணி 'சர்' என்று கிழிந்து ஒரு கீற்று வானம் தெரிந்தது. "தோரோ! தோரோ!" என்று கத்தினார்கள். பிடி, பிடி என்று அர்த்தம். நான் எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. மூங்கிலின் அடியைத் தோளில் வாங்கி, முதுகை என் சுவரில் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன்.

பல்ட்டு தா வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "சுவர் வேண்டாம் அண்ணா. நீங்களே அஞ்சு நாள் நின்னுடுங்க."

சந்தே சிரித்தது. மலர்தான் அதிகம் சிரித்தாள். மூங்கில் திரும்பவும் சுவருக்குப் போயிற்று.

நவமி அன்று நமக்கு ஆயுத பூஜை அல்லவா? மாவு அரைக்கும் கிரைண்டருக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிறகு வெளியே வந்து மூன்று மூங்கிலுக்கும் வைத்தேன். உள்ளே தாக் மேளம் அதிர்ந்தது. வண்ணக் காகித ஜன்னல்களின் வெளிச்சத்தில் கூட்டம் அண்ணாந்து பார்த்தபடி நகர்ந்தது. பின்னால் எது தாங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பல்ட்டு தா பார்த்தார்.

"இது என்ன பொட்டு?"

"எங்க ஊர்ல இன்னைக்கு அவங்கவங்க தொழில் சாமானுக்கு வைப்போம்."

அவர் முகம் மாறியது. பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணா, பூஜோ முடிஞ்சதும் மூங்கிலத் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?"

"அஞ்சே நாள்" என்றேன்.

சொன்னபடியே எடுத்துப் போய்விட்டார்கள். சந்து முன்போல ஆகிவிட்டது. தீபாவளிக்குக் கடைக்கு வெள்ளையடித்தேன். சுவரில் மூங்கில் அழுத்திய மூன்று வட்டத் தழும்புகளை மட்டும் விட்டுவிட்டேன். "அத ஏன் விட்டீங்க?" என்று செல்வி கேட்டாள். அடையாளத்துக்கு என்றேன். எதற்கு அடையாளம் என்று சொல்லவில்லை. இப்போது காலையில் கடைக்கதவைத் தூக்கியதும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறேன். எனக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, பிள்ளைகளே. அடுத்த வருஷம் இவர்கள் சாய்வதற்கு வேறு யாருடைய சுவரையாவது தேடிப் போய்விடுவார்களோ?