மாமனார் நாற்காலிக்கு ஆணித் தண்ணீர்

நாற்காலியின் காலை உடைத்தது நான்தான். பின்னால் சாய்ந்து ஆடக்கூடாது என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தாராவியில் இருந்த அவளுடைய அப்பா போன வருடம் இறந்தபோது, அந்த வீட்டிலிருந்து அவள் கேட்டு வாங்கித் திலக் நகருக்குக் கொண்டுவந்த ஒரே பொருள் அந்தத் தேக்கு நாற்காலி.

அவள் மான்குர்த்தில் தங்கை வீட்டுக்கு நான்கு நாள் போயிருந்தாள். திரும்புவதற்குள் சரிசெய்துவிட நினைத்தேன். தச்சர் பழைய பெட்டிப்பலகையில் புதுக்கால் செய்து போட்டார். அது வெள்ளைவெளேரென்று நின்றது. கடையில் சாயம் வாங்கியிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. துருப்பிடித்த ஆணிகளை இரண்டு நாள் வினிகரில் ஊறப்போட்டேன். காலில் கடுந்தேநீரைப் பூசிக் காயவைத்து, மேலே அந்த ஆணித் தண்ணீரைத் தடவினேன். கண் முன்னாலேயே மரம் கறுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கறுப்பு கூடிப்போய், அந்தக் கால் மட்டும் தனியாகத் தெரிந்தது. சரி, எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடலாம் என்று நாற்காலி முழுவதும் பூசினேன். உட்காரும் பலகையில் இரண்டு இடம் வெளுத்திருந்தது. அங்கே மட்டும் இரண்டு தடவை.

வந்தவள் புதுக்காலைப் பார்க்கவேயில்லை. பலகையைத் தடவினாள்.

“இங்க ரெண்டு எடம் வெளுத்திருந்துச்சுல்லா?”

“ஆமா, மறைச்சிட்டேன்” என்றேன் பெருமையாக.

“அது எங்க அப்பா முழங்கை. முப்பது வருசமா தெனமும் சாயங்காலம் இது முன்னால முட்டங்கால் போட்டு, அதுல கைய ஊனித்தான் ஜெபம் பண்ணுவாவ.”

எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தேன். கறுப்பு கொஞ்சம் சாம்பலானது, அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். சத்தமில்லாமல் அழுதாள்.

அவள் ஜெபம் பண்ணும் நேரத்தில்தான் எனக்குப் பால் வாங்கும் ஞாபகம் வரும். அன்றும் பையை எடுத்தேன். அவள் அதை வாங்கி வைத்தாள்.

“பால் பொறவு வாங்கலாம். முட்டங்கால் போடுங்க. அப்பா முப்பது வருசத்துல வெளுக்க வச்சாவ. நீங்க எத்தன வருசத்துல வெளுக்க வைக்கியன்னு பாப்போம்.”

போட்டேன். எனக்கு ஜெபம் சொல்ல வராது. அவள் சொல்லச் சொல்ல, முழங்கைகளை மட்டும் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டேன்.