தலைகீழாக நின்ற சிப்பி

ஒரு மனிதர் தமிழில் சொன்ன உண்மையை நான் ஆங்கிலத்தில் பொய்யாக்கிச் சொன்னேன். அதனால் அவருக்கு வேலை போயிற்று. வேலை போனதால் அவருடைய மனைவியும் மகளும் லண்டன் வந்துசேர மூன்று வருடம் பிந்தியது. இதைச் சொல்லாமல் என் தொழிலைப் பற்றி நான் எதை எழுதினாலும் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

என் தொழில் சுண்ணாம்புக்கல். இன்று பாலைவனமாக இருக்கும் நாடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. அந்தக் கடலில் செத்த சிப்பிகளும் சேறும் இறுகிக் கல்லாகி, இப்போது மணலுக்குக் கீழே பல ஆயிரம் அடி ஆழத்தில் கிடக்கின்றன. கல்லில் நுண்ணிய துளைகள் இருந்தால் அதில் எண்ணெயோ வாயுவோ தங்கும். துளை இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. எந்த ஆழத்தில் துளையுள்ள கல், எந்த ஆழத்தில் வெறும் கல் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை.

எண்பதுகளில் நான் இருந்த நிறுவனம் சிறியது. தென் லண்டனில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய களஞ்சியக் கட்டடம். பாலைவனத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அது எனக்குப் பெட்டிகளில் வந்தது. கிணறு தோண்டும்போது வெட்டியெடுத்த கல் உருளைகள், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், மசகெண்ணெய் மணத்தோடு வரும். பெட்டி மூடியைத் திறந்தால் இடுக்குகளில் கொஞ்சம் மணல் இருக்கும். வெளியில் மழை பெய்துகொண்டிருக்க, அந்த மணலை நான் விரலால் தொட்டுப் பார்ப்பதுண்டு.

நோர்பரியில் எனக்கு ஒரு சிறிய ஃப்ளாட் இருந்தது. கல்யாணம் செய்யவில்லை. காலையில் ரயில், பகல் முழுக்க நுணுக்குக்காட்டியில் கல், மாலையில் ரயில். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தை விட்டு வெளியேறினால் திங்கட்கிழமை காலை வரைக்கும் யாரோடும் பேசாத வாரங்கள் இருந்தன. கடைக்காரரிடம் நன்றி சொல்லும்போது என் குரல் எனக்கே கரகரப்பாகக் கேட்கும்.

அப்போதுதான் கீழ்த்தளத்துக்கு அவர் வந்தார். கல் அறுக்கும் வேலைக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், ஊரில் சிமெந்துத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அகதியாக வந்து, பிளேஸ்டோவில் ஒரு வீட்டில் ஐந்து பேரோடு தங்கியிருந்தார். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை டொக்டர் என்பார். என் கலாநிதிப் பட்டத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது மட்டுந்தான்.

“கல்லுக்கு வைத்தியம் பாக்கிற டொக்டர் நீர். நல்ல பிராக்டிஸ் ஐசே. நோயாளி கத்தமாட்டான், செத்தாலும் ஒருத்தரும் கேக்க மாட்டினம்.”

“நீங்கள் அறுக்கிற நேரம் கத்துதே அண்ணை.”

“அது மெசின் கத்துறது. கல்லு பாவம்.”

மத்தியானம் இருவரும் அறுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் இருந்து சாப்பிடுவோம். அவர் கொண்டுவரும் புட்டில் பாதி எனக்கு. என் சாண்ட்விச்சில் பாதியை அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்குவார். அவருடைய சட்டைப்பையில் ஒரு படம் இருந்தது. அவர் புறப்படும்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள், கொழும்பில் அவர்கள் தங்கியிருந்த லொட்ஜ் வாசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர்களைக் கூப்பிட மனுப் போட்டிருந்தார். நிரந்தரமான வேலை இருக்கிறது என்ற கடிதம் அதற்கு வேண்டும். நிறுவனம் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் குறொய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்தது. அவருக்கு லீவு முடிந்துவிட்டது. “ஒருத்தருக்கும் சொல்லாமல் போயிட்டு வாங்கோ அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்” என்றேன். அவர் போனார். அன்று ஒரு பாலைவனக் கிணற்றின் கல் வந்து இறங்கியது. வழக்கம்போல் துண்டுகளாக இல்லை; முப்பது அடி நீளம், வெட்டியெடுத்த குழாயோடு அப்படியே வந்தது.

கல்லுக்கு எது மேல், எது கீழ் என்பது எங்கள் தொழிலில் முதல் கேள்வி. அதற்காக உருளை நெடுகிலும் இரண்டு கோடுகள் போடுவோம். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. மேல்நுனி மேலே வர நிறுத்தினால் சிவப்பு வலது கைப்பக்கம் வரவேண்டும். இதை வழக்கமாக அண்ணைதான் போடுவார். அன்று அவர் இல்லை. குழாயின் நுனியில் கிணற்றடியில் எழுதியிருந்த குறி எண்ணெயில் அழிந்திருந்தது. தொலைபேசியில் கேட்டிருக்கலாம். பாலைவன முகாமுக்கு இணைப்புக் கிடைக்க அரை நாள் ஆகும். நான் குத்துமதிப்பாக ஒரு நுனியை மேல் என்று வைத்துக்கொண்டு, முப்பது அடிக்கும் கோடு போட்டு முடித்தேன்.

மறுவாரம் அண்ணை அந்தக் கல்லை அறுத்துவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார். அறுத்த முகத்தை நனைத்துக் காட்டினார். ஒரு சிப்பி, பெருவிரல் நகம் அளவு. உள்ளே பாதி சாம்பல் நிறச் சேறு, பாதி வெள்ளைப் பளிங்கு.

“டொக்டர், இந்தச் சிப்பி தலைகீழா நிக்குது.”

சிப்பி செத்தபின் உள்ளே புகும் சேறு அடியில்தான் படியும். மேலே மிஞ்சிய இடத்தில் பிறகு பளிங்கு வளரும். கோடி வருடமானாலும் அது மாறாது. இந்தச் சிப்பியில் சேறு மேலே இருந்தது. முதலாம் வருட மாணவனுக்குத் தெரிந்த விஷயம்.

“ஒரு சிப்பிதானே அண்ணை. பிரண்டிருக்கும்” என்றேன்.

“ஒண்டில்லை. ஏழு பாத்திட்டன்.”

“நீங்கள் அறுங்கோ. படிக்கிறதை நான் படிக்கிறன்.”

 அவர் மெசினில் தண்ணீரை ஓடவிட்டார். நான் மேலே போய் அறிக்கையை எழுதி முடித்தேன். துளையுள்ள கல் எங்கே இருந்ததோ அங்கே வெறும் கல் என்றும், வெறும் கல் இருந்த ஆழத்தில் துளையுள்ள கல் என்றும் எழுதினேன்.

அந்த ஆழத்தில்தான் அவர்கள் கிணற்றின் இரும்புக் குழாயில் ஓட்டை போட்டார்கள். ஒன்றும் வரவில்லை. பிறகு கிணற்றுக்குள் மின்கருவி எடுத்த பதிவோடு என் அறிக்கையை ஒப்பிட்டு, முப்பது அடியும் தலைகீழ் என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் நிறுவனப் பணிப்பாளருக்குக் கடிதம் வந்தது.

பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கோடு போடுவது கீழ்த்தளத்து வேலை என்றேன். அது பொய்யல்ல, வழக்கம் அதுதான். அண்ணையைக் கூப்பிட்டார். அண்ணைக்கு வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் இருந்தது. ஆனால் அந்த அறையில், அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது சொல் வரவில்லை. “தமிழில் சொல்லட்டும், நீங்கள் மொழிபெயருங்கள்” என்று பணிப்பாளர் என்னிடம் சொன்னார்.

அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார்: “அண்டைக்கு நான் இங்கை இல்லை எண்டு சொல்லும். லீவில்லாமல் போனது பிழைதான், அதையும் சொல்லும். கோடு போட்டது நீர். சிப்பி தலைகீழா நிக்குது எண்டு நான் உமக்குக் காட்டினனான். இவ்வளவுந்தான். சொல்லும்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “அந்த வாரம் அவசரமாக வேலை செய்ததாகச் சொல்கிறார். சொறி என்கிறார்.”

சொறி என்ற சொல் அண்ணைக்குத் தெரியும். லண்டனில் பஸ்ஸில் கால் மிதிபட்டாலே கேட்கிற சொல். அவர் அதைச் சொல்லவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பணிப்பாளரின் மேசையில் இருந்த பேனைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு என்ன பயம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். எனக்குப் பிரித்தானியக் குடியுரிமை இருந்தது. பட்டம் இருந்தது. திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அங்கே வெள்ளையரல்லாத ஒரே ஆய்வாளன் நான். முதலாம் வருட மாணவன் விடாத பிழையை நான் விட்டேன் என்று அவர்கள் தேநீர் நேரத்தில் பேசிக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான்.

மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். வேலைக் கடிதம் செல்லாது என்று நிறுவனமே குடிவரவு அலுவலகத்துக்கு எழுதியது. கடைசி நாள் நான் சுகமில்லை என்று வீட்டில் இருந்துகொண்டேன்.

பிறகு அந்த வாங்கில் தனியே இருந்து சாப்பிட்டேன். சில வாரத்தில் அதையும் விட்டுவிட்டு மேசையிலேயே சாப்பிட்டேன். அலுவலகத்தில் தமிழ் பேச ஆளில்லை. புதிதாகக் கல் அறுக்க வந்த பையன் காதில் பாட்டுப் பெட்டியை மாட்டிக்கொண்டு வேலை செய்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் பதவி உயர்ந்தது. பாலைவனத்துக்கே அனுப்பினார்கள். கிணற்றிலிருந்து குழாய் மேலே வரும்போது பக்கத்தில் நின்று எது மேல்நுனி என்று தொழிலாளியிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை அவர் சிரித்தார். முகாமில் எனக்கென்று ஒரு தகரக் கூண்டு. கதவைத் திறந்தால் நாலு பக்கமும் ஒரே நிறம். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று நூறு அறிக்கையில் எழுதியவன் நான். அங்கே நின்றபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அண்ணை இருந்தால் இந்த இடத்தைப் பார்த்து என்ன பகிடி விடுவார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில வருடம் கழித்து நிறுவனம் களஞ்சியத்தைக் காலி செய்தது. வேண்டாத கல்லைத் தெரிந்தெடுத்து ஒதுக்கச் சொன்னார்கள். அந்த முப்பது அடியும் ஒரு தட்டில் இருந்தது. என் கோடுகளும் இருந்தன. அண்ணை அந்தச் சிப்பிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு அம்புக்குறி போட்டிருந்தார், என் கோட்டுக்கு எதிர்த்திசையில். நான் அதை அன்று கவனித்திருக்கவில்லை.

அந்த வாரமே, நடந்ததை முழுக்க எழுதிப் பணிப்பாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள்? எல்லாம் முடிந்துபோன கதை.”

அண்ணைமேல் பிழை இல்லை என்று நிறுவனத்தின் தாளில் ஒரு கடிதம் வேண்டும் என்றேன். நாலைந்து தடவை கேட்டபின் தந்தார். என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தாலும் நீக்கியிருக்கமாட்டார் என்பது அப்போது விளங்கிற்று.

பிளேஸ்டோ வீட்டில் அவர் இல்லை. பக்கத்துப் பலசரக்குக் கடையில் கேட்டு, ஃபாரஸ்ட் கேட்டில் கண்டுபிடித்தேன். ஒரு ஞாயிறு பின்னேரம் போனேன். கதவைத் திறந்தவர் அவர்தான். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. தலை நரைத்திருந்தது.

“டொக்டரோ? வாரும்.”

சோபாவில் பதினொரு வயது மகள் பள்ளிக்கூடக் கொப்பியோடு இருந்தாள். மனைவி குசினி வாசலில் நின்றார். நான் கடிதத்தை நீட்டினேன். என் வாக்குமூலத்தின் பிரதியும் அதோடு இருந்தது. அண்ணை கண்ணாடியைத் தேடினார், பிறகு மகளிடம் கொடுத்தார்.

“வாசிச்சுச் சொல்லு பிள்ளை.”

வாசிக்கவேண்டாம், நானே சொல்கிறேன் என்று வாயெடுத்தேன்.

“நீர் இரும். அவள் சொல்லுவாள்.”

அவள் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்து, நிறுத்தி, தமிழில் சொன்னாள். ஒரு வரியையும் விடவில்லை. சொறி என்ற இடம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, நீங்கள் சொன்னதை இவர் மாத்திச் சொன்னவராம்.”

“ஓம்” என்றார் அண்ணை. “அது எனக்குத் தெரியும்.”

“பிறகேன் அண்ணை நீங்கள் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“வெள்ளைக்காரன் ஆரை நம்புவான்? அதோடை, நீர் அடுத்த நாள் போய்ச் சொல்லுவீர் எண்டு நினைச்சன். ரெண்டு மூண்டு கிழமை அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்.”

குசினி வாசலில் இருந்து மனைவி பேசினார். குரலை உயர்த்தவில்லை. “பிள்ளைக்கு முன்பல்லு விழுந்ததும் லொட்ஜிலை, முளைச்சதும் லொட்ஜிலை. இவர் ரெண்டையும் பாக்கேல்லை. கடிதத்திலை அதுவும் எழுதியிருக்கோ?”

“இல்லை” என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். நான் அந்தச் சிப்பி இருந்த கல் துண்டைக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன். அண்ணை அதைப் பார்த்ததும், யோசிக்காமல், திருப்பிச் சரியாக வைத்தார். பிள்ளை கேட்டதற்கு, சேறு ஏன் கீழே போகும், பளிங்கு ஏன் மேலே வளரும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் கருத்தரங்கு மேடைகளில் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது. பிறகு துண்டை என் கையில் தந்தார்.

“இதை நீர் கொண்டுபோம். கடிதம் இருக்கட்டும். தேத்தண்ணி குடிக்கிறீரோ?”

தேநீரை அவரே போட்டுக்கொண்டு வந்தார். குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

அதன்பின் இரண்டு தடவை கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஒரு தைப்பொங்கலுக்கு முதல் நாள் ஃபாரஸ்ட் கேட் கடையொன்றில் அவரைக் கண்டேன். கரும்பு தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார், மகள் பக்கத்தில் அவருடைய தோள் உயரத்துக்கு நின்றாள்.

“சுகமோ டொக்டர்?”

“ஓம் அண்ணை.”

அவர் தலையாட்டிவிட்டுக் காசு கட்டும் வரிசைக்குப் போனார். நான் அந்தக் கடைக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் ஸ்டேசனுக்கு நடந்தேன்.